கீழே கம்பம், மேலே குமுளி: ஃபோம் மெத்தை வாங்கப் போகிறவர்களுக்கு

போன வருடம் ஜனவரியில், மலை மேல் கேரளத்தில் இருக்கும் குமுளியில் ஒரு கடையில் ஃபோம் மெத்தை வாங்கினோம். வீட்டுக்காரர் தினமும் ஜீப்பில் மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறவர். இடுப்பு வலி அவருக்குப் பழைய கதை. காலை பத்து மணி இருக்கும், வெளியே பனி விலகவில்லை. கையால் அழுத்தினால் மெத்தை மெதுவாக இறங்கி ஓர் இடத்தில் நின்று தாங்கியது. இதுதான் சரி என்று 16,500 ரூபாய் கொடுத்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, கீழே தமிழ்நாட்டில் இருக்கும் கம்பத்துக்குக் கொண்டுவந்தோம்.

ஏப்ரல் வந்தது. அதே மெத்தை குழைத்த களிமண் மாதிரி உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டது. புரண்டு படுக்கவே கையை ஊன்ற வேண்டியிருந்தது. முதுகுப் பக்கம் முழுக்க வியர்வை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவர் தரையில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கினார்.

மெத்தையில் பழுது எதுவும் இல்லை. அதன் மேல் அடுக்கு மெமரி ஃபோம்; அது சூட்டில் இளகும், குளிரில் இறுகும். உடம்புச் சூட்டுக்கு இளகி உடம்பின் வடிவத்துக்கு இடம் கொடுப்பதுதான் அதன் வேலை. குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரம்; கம்பம் அதில் பாதிகூட இல்லை. மேலே பனியில் அழுத்திப் பார்த்தது ஒரு மெத்தை, கீழே சித்திரை வெயிலில் படுத்தது வேறொரு மெத்தை. அந்த மெத்தை இப்போது குமுளியில் அக்கா வீட்டில் இருக்கிறது. அங்கே அது அருமையாக இருக்கிறது.

இரண்டாவது மெத்தையை இந்த மார்ச்சில் வாங்கினோம். இடையில் ஒரு வருடம் கடை கடையாகக் கேட்டும், பிரித்துப் பார்த்தும், எடை போட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கம்பம், கூடலூர், சின்னமனூர், போடி பக்கமோ, மேலே குமுளி, கட்டப்பனை பக்கமோ இருந்து, இலவம்பஞ்சு மெத்தையிலிருந்து முதன்முதலாக ஃபோமுக்கு மாறுகிறவர்களை மனதில் வைத்துத்தான் இது.

1. முதலில் கட்டிலை அளங்கள்

கடைகளிலும் ஆன்லைனிலும் மெத்தை நீளம் பெரும்பாலும் 72, 75, 78 அங்குலம். அகலம் ஒருவருக்கு 30 அல்லது 36, இருவருக்கு 48, 60, 72. நம் ஊரில் ஆசாரி செய்த கட்டில் பெரும்பாலும் அடிக்கணக்கில் இருக்கும். ஆறேகால் அடி என்றால் 75 அங்குலம், ஆறரை அடி என்றால் 78. இந்த மூன்று அங்குலத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டிலின் வெளிச்சட்டத்தை அளக்காதீர்கள். மெத்தை உட்காரும் உள் அளவை மூன்று இடங்களில் அளந்து, குறைவாக வந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு சரியாக அமையாவிட்டால் சொல்லிச் செய்யலாம். ஆனால் தனி அளவில் செய்த மெத்தையைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆர்டர் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

உயரத்தையும் பாருங்கள். கட்டில் 18 அங்குலம், அதன் மேல் 8 அங்குல மெத்தை என்றால் 26 அங்குலம். வயதானவர்களுக்குக் கால் தரையில் பதியாது. உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும். எங்கள் அத்தைக்காக 6 அங்குல மெத்தையோடு நிறுத்திக்கொண்டோம்.

பலகையில் இடைவெளி இருக்கிறதா என்பதும் முக்கியம். முழு பிளைவுட் போட்ட கட்டிலில் அடிப்பக்கம் காற்று போகாது. குமுளிப் பக்க மழைக்காலத்தில் மெத்தையின் அடியில் பூஞ்சை பூக்கும். பிளைவுட்டில் ஆங்காங்கே ஓட்டை போடச் சொல்லுங்கள். ரீப்பர் போட்ட கட்டில் என்றால் இரண்டு ரீப்பருக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். அதற்கு மேல் போனால் ஃபோம் அந்த இடத்தில் தொங்கிவிடும்.

2. யார் படுக்கிறார்கள், எப்படிப் படுக்கிறார்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: படுப்பவரின் எடை, எந்தப் பக்கமாகப் படுப்பார், உடம்பில் வலி எங்கே.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்க வேண்டும். மேல் அடுக்கு மென்மையாக இருந்தால்தான் அவருக்குச் சரி. மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரக் கெட்டி. குப்புறப் படுப்பவருக்கு வயிறு உள்ளே இறங்கினால் இடுப்பு வளைந்து வலி வரும், அதனால் கெட்டியாகத்தான் வேண்டும். ஒரே மெத்தை 50 கிலோ ஆளுக்குக் கெட்டியாகவும் 90 கிலோ ஆளுக்குக் குழைவாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நல்லா இருக்கு என்று சொன்னதை நம்பி வாங்குவதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

இடுப்பு வலி என்றால் பலகை மாதிரி கெட்டியாகத்தான் வாங்க வேண்டும் என்று நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்துப் பார்த்ததில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்தது. கால் மரத்துப்போவது, வலி காலுக்கு இறங்குவது போன்ற தொந்தரவு இருந்தால் மெத்தைக் கடைக்கு முன் டாக்டரிடம் போங்கள்.

"ஆர்த்தோ" என்று மெத்தை மேல் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது விற்பவர் வைக்கும் பெயர். எங்கள் முதல் மெத்தையின் மேலும் அதுதான் எழுதியிருந்தது.

3. உள்ளே என்ன ஃபோம்

ஃபோம் மெத்தை என்ற ஒரே பெயரில் நான்கைந்து பொருள்கள் விற்கின்றன.

சாதாரண பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் விலை குறைவு. குறைந்த அடர்த்தி என்றால் சில வருடங்களிலேயே நடுவில் குழி விழும். எச்ஆர் ஃபோம் அதில் மேல்ரகம். அழுத்தி விட்டால் உடனே எழும்பும். புரண்டு படுக்க எளிது. நம் பக்கச் சூட்டுக்கு, நடுத்தர விலையில், நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

மெமரி ஃபோம் அழுத்தினால் கைத்தடம் விழுந்து மெதுவாக எழும்பும். தோள், இடுப்பு அழுத்தத்துக்கு இதமானது. பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் உடம்பைச் சுற்றிக்கொள்வதால் சூடு அடைபடும். வயதானவர்களுக்கு அதிலிருந்து எழுந்திருப்பது சிரமம். ஏசி இல்லாத கம்பத்து வீட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் மெமரி ஃபோம் வேண்டாம் என்பது என் கருத்து. குமுளி, கட்டப்பனை, மூணாறு பக்கம் என்றால் இரண்டு அங்குலம்கூட நன்றாக இருக்கும். டிசம்பர் இரவில் படுத்தவுடன் கொஞ்ச நேரம் கெட்டியாகத் தெரியும், உடம்புச் சூடு ஏறியதும் இளகிவிடும்.

ரீபாண்டட் என்பது ஃபோம் துண்டுகளை அரைத்துப் பசை போட்டு அழுத்திய பலகை. ஜிப்பைத் திறந்தால் பல நிறத் துணுக்குகளாகத் தெரியும். அடி அடுக்காக இருந்தால் தாங்கும். முழு மெத்தையும் அதுவே என்றால் தரையில் படுத்த மாதிரிதான்.

லேடெக்ஸ், ரப்பர்ப்பாலில் செய்வது. கேரளத்தில் ரப்பர் விளைவதால் மலைக்கு அந்தப் பக்கக் கடைகளில் அதிகம் கண்ணில் படும். கனம் அதிகம், விலை அதிகம், உழைப்பும் அதிகம். அழுத்தினால் உடனே மீளும். மேலிருந்து கீழ்வரை ஊசித்துளைகள் இருப்பதால் காற்றோட்டம் உண்டு. சூட்டிலும் குளிரிலும் மெமரி ஃபோம் அளவுக்கு மாறாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: "லேடெக்ஸ் மெத்தை" என்று சொல்லி ஓர் அங்குல லேடெக்ஸை மேலே வைத்து, மீதி ஐந்து அங்குலம் சாதாரண ஃபோம் வைப்பார்கள். அப்படி விற்பது தவறில்லை, அதற்கு முழு லேடெக்ஸ் விலை கேட்பதுதான் தவறு. இயற்கை ரப்பர் எவ்வளவு, செயற்கை ரப்பர் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

தேங்காய் நாரில் ரப்பர்ப்பால் தெளித்துச் செய்யும் காயர் மெத்தை ஃபோம் கணக்கில் சேராது. ஆனால் காயரின் மேல் ஃபோம் வைத்த மெத்தைகளும் வருகின்றன. காற்றோட்டம் நன்றாக இருக்கும், நல்ல கெட்டி. வருடங்கள் போனால் நடுவில் அமுங்கும். அவ்வப்போது திருப்பிப் போட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், என்ன ஃபோம், என்ன டென்சிட்டி?" இதற்கு எழுத்தில் பதில் தராத கடையில் வாங்காதீர்கள். மேல் உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எங்கள் முதல் மெத்தையை அக்கா வீட்டில்தான் திறந்து பார்த்தோம். எட்டு அங்குலத்தில் இரண்டு அங்குலம் மெமரி, மீதி ஆறும் விரல் வைத்தால் உள்ளே போகிற லேசான ஃபோம்.

4. டென்சிட்டியைத் தராசில் பாருங்கள்

டென்சிட்டி, அதாவது அடர்த்தி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். 28, 32, 40 என்று சொல்வார்கள். இதைக் கெட்டித்தன்மை என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 40 டென்சிட்டியில் மென்மையான ஃபோமும் உண்டு, 28-இல் கெட்டியான ஃபோமும் உண்டு. டென்சிட்டி, மெத்தை எத்தனை வருடம் குழி விழாமல் உழைக்கும் என்பதைச் சொல்லும். தினமும் இருவர் படுக்கும் மெத்தைக்கு 32-க்குக் கீழே போக வேண்டாம். முடிந்தால் 40.

சொன்னது உண்மையா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 78 × 60 × 6 மெத்தைக்கு 28,080, வகுத்தால் 0.46. அதை டென்சிட்டியால் பெருக்குங்கள். 28 என்றால் சுமார் 13 கிலோ, 32 என்றால் 14.7, 40 என்றால் 18.4. உறைக்கு இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ளலாம். ஆன்லைனில் வாங்கினால் பார்சல் எடை பெட்டி மேலேயே ஒட்டியிருக்கும்.

எங்கள் இரண்டாவது மெத்தை 4 அங்குலம் 40 டென்சிட்டி எச்ஆர், மேலே 2 அங்குலம் லேடெக்ஸ். லேடெக்ஸ் ஃபோமைவிடக் கனம் என்பதால், கணக்குப்படி உறையோடு 26 கிலோ பக்கம் வர வேண்டும். வந்த அன்றே பெட்டியைப் பிரிக்கும் முன், தெருமுனையில் திராட்சை எடை போடும் கமிஷன் கடைத் தராசில் வைத்தோம். அட்டைப்பெட்டியோடு 27 கிலோவைக் கொஞ்சம் தாண்டியது. அன்று இரவே நிம்மதியாக இருந்தது.

ஓர் எச்சரிக்கை: ரீபாண்டட் அடுக்கு இருந்தால் எடை தானாகவே கூடும். எடை நிறைய வந்ததால் தரம் நிறைய என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் அடுக்கும் என்ன என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கணக்குக்கு அர்த்தம் உண்டு.

5. கடையில் பதினைந்து நிமிடம் படுங்கள்

கையால் அழுத்திப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து பார்ப்பதிலும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படிப் படுங்கள். கூச்சமாக இருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு. நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் போனேன்.

மல்லாந்து படுத்து இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இடமில்லாமல் இடுப்பு புதைந்திருந்தால் குழைவு. கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி. அப்புறம் ஒருக்களித்துப் படுத்து, கூட வந்தவரைப் பின்னால் நின்று முதுகைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை கோடு நேராக இருக்க வேண்டும். தோள்பட்டை மட்டும் மேலே தூக்கி நின்றால் மேல் அடுக்கு கெட்டி. இடுப்பு தொட்டில் மாதிரி கீழே தொங்கினால் அடி அடுக்குக்குப் பலம் இல்லை. கடைசியாக ஓரத்தில் உட்கார்ந்து எழுந்திருங்கள். ஓரம் அப்படியே சரிந்து உங்களைத் தள்ளினால் வயதானவர்களுக்கு அது ஆபத்து.

மேலே கடைகளில் தமிழ் நன்றாகவே பேசுவார்கள். ஆனால் ஒரு சொல்லில் கவனம் தேவை. நாம் "கட்டியா இருக்கணும்" என்று சொன்னால், மலையாளத்தில் "கட்டி" என்பது தடிமனையும் குறிக்கும். கெட்டியாக வேண்டும் என்ற எண்ணத்தில் நான் "கட்டி மெத்தை" கேட்க, அவர்கள் எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று காட்டிக்கொண்டே போனார்கள். "அமுங்கக் கூடாது" என்று சொல்லுங்கள், படுத்துக் காட்டுங்கள். தடிமனை அங்குலத்தில் சொல்லுங்கள்.

அப்புறம், எங்கள் தவறு உங்களுக்கு வேண்டாம். நீங்கள் கம்பத்தில் படுக்கப் போகிறவர் என்றால் மெத்தையைக் கம்பத்திலோ தேனியிலோ, வெயில் ஏறிய பிறகு படுத்துப் பாருங்கள். குமுளிக் கடையில்தான் வாங்குவீர்கள் என்றால் மெமரி ஃபோம் பக்கம் போகாதீர்கள்.

6. சூடு: கடையில் தெரியாத விஷயம்

எந்த ஃபோமும் காற்றை அடைத்து வைத்திருக்கும் பொருள்தான். அதனால் சூட்டை வெளியே விடாது. பஞ்சு மெத்தையிலிருந்து மாறுகிறவர்களுக்கு முதல் வாரம் இது நன்றாகத் தெரியும்.

"கூல் ஜெல்" என்று நீல நிறத்தில் ஒரு மேல் அடுக்கு காட்டுவார்கள். தொட்டால் ஜில்லென்று இருக்கும். படுத்த கொஞ்ச நேரத்தில் ஜெல்லும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். பிறகு அதற்குப் போக்கிடம் இல்லை. அதற்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊசித்துளை லேடெக்ஸ், உடம்பை அதிகம் புதைய விடாத எச்ஆர் ஃபோம், பருத்தி உறை, ரீப்பர் கட்டில் ஆகியவைதான் உண்மையில் வேலை செய்பவை.

நிறையப் பேர் நல்ல மெத்தை வாங்கிவிட்டு அதன் மேல் தண்ணீர் புகாத உறை போட்டுவிடுகிறார்கள். அடியில் பிளாஸ்டிக் படலம் இருக்கும் அந்த உறை, எல்லாக் காற்றோட்டத்தையும் அடைத்துவிடும். சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஒரு ரப்பர் ஷீட் போடுங்கள். எங்கள் வீட்டில் ஏப்ரல், மே இரவுகளில் மெத்தை மேல் ஒரு கோரைப்பாய் விரித்து அதன் மேல் பருத்தித் துணி விரிக்கிறோம். பாய்க்கும் மெத்தைக்கும் நடுவே காற்று ஓடுகிறது. முதுகு வியர்ப்பது நின்றது. மெத்தையின் தாங்கும் தன்மையும் கெடவில்லை.

7. எப்போது வாங்குவது, எவ்வளவு ஆகும்

நான் விசாரித்த அளவில், 78 × 60 × 6 மெத்தைக்கு, 32 டென்சிட்டி சாதாரண ஃபோம் எட்டாயிரத்திலிருந்து பதினோராயிரம். மெமரியோ எச்ஆரோ சேர்ந்தது பன்னிரண்டிலிருந்து பதினெட்டாயிரம். மேலே இரண்டு அங்குல லேடெக்ஸ் வைத்தது இருபதாயிரத்தைத் தாண்டும். எங்களுக்கு 21,000 ஆனது. முழு லேடெக்ஸ் முப்பதாயிரத்துக்கு மேல். ஃபோம் மெத்தைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், இரண்டு மாநிலத்திலும் அதேதான். அதனால் "அந்தப் பக்கம் வரி குறைவு" என்று யாராவது சொன்னால் நம்பி வண்டி எடுக்காதீர்கள். விலை சொல்லும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். எங்களிடம் ஒரு கடையில் 14,000 என்று சொன்ன மெத்தை பில் போடும்போது 16,520 ஆனது.

தள்ளுபடி இந்தப் பக்கம் ஆடியிலும் அந்தப் பக்கம் ஓணத்துக்கும் வரும். கடையில் வாங்கினால் அந்தக் காலம் நல்லது. ஆனால் ஆன்லைனில் 100 இரவு சோதனைக்காலத்தோடு வாங்கினால் நான் வேறு கணக்குச் சொல்வேன். மார்ச் முதல் வாரம் வாங்குங்கள். ஏப்ரல், மே சூடு முழுதும் படுத்துப் பார்க்கலாம், ஜூன் மழை தொடங்கும்போதும் கொஞ்ச நாள் மிச்சம் இருக்கும். ஆடித் தள்ளுபடியில் வாங்கினால் சோதனைக்காலம் முழுதும் குளிர்ந்த காற்றிலேயே முடிந்துவிடும்; சித்திரையில் தெரியும் குறையைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்காது. மலை மேல் இருப்பவர்கள் நவம்பரில் வாங்கினால் குளிரைச் சோதித்துவிடலாம்.

சோதனைக்கால விதிகளைப் பணம் கட்டும் முன் படியுங்கள். கறை பட்டால் எடுப்பார்களா, எடுத்துப் போகும் செலவு யாருடையது, உங்கள் பின்கோடுக்கு வந்து எடுப்பார்களா, பணம் வங்கிக் கணக்குக்கு வருமா அல்லது கூப்பனாகவா. கொண்டுவந்து கொடுக்கும் ஊர்களில் எல்லாம் திருப்பி எடுக்கவும் வருவார்கள் என்று நினைக்க வேண்டாம். கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதல் நாளிலிருந்தே பழைய பருத்தி விரிப்பு போட்டுப் படுங்கள், கறை படாது.

8. பில்லும் வாரண்டியும்

துண்டுச்சீட்டு வேண்டாம், ஜிஎஸ்டி எண் உள்ள பில் வேண்டும். அதில் மாடல் பெயர், அளவு, அடுக்கு விவரம், டென்சிட்டி எல்லாம் இருக்க வேண்டும். "மெத்தை ஒன்று" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சில கம்பெனிகளில் குறிப்பிட்ட நாளுக்குள் ஆன்லைனில் பதிவு செய்தால்தான் வாரண்டி செல்லும். மெத்தையின் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டாதீர்கள்.

முகவரி விஷயத்தில் நான் பட்டது: தள்ளுபடிக்காக அக்காவின் குமுளி முகவரியில் பில் போட்டோம். பிறகு புகார் சொன்னபோது, பில்லில் இருக்கும் முகவரிக்குத்தான் ஆள் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டார்கள். மெத்தை எங்கே கிடக்கப் போகிறதோ அந்த முகவரியையே கொடுங்கள்.

பத்து வருட வாரண்டி என்றால் பத்து வருடம் எதற்கும் மாற்றித் தருவார்கள் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் குழி விழுவதற்கு மட்டும்தான், அதுவும் ஆள் படுக்காத நிலையிலேயே ஓர் அங்குலம் போல ஆழம் இருந்தால்தான். "சூடாக இருக்கிறது", "குழைவாக இருக்கிறது" என்பதெல்லாம் அதில் வராது. எங்களைத் திருப்பி அனுப்பியதும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான். வருடம் ஏற ஏற ஈடு குறைந்துகொண்டே போகுமா என்றும் பாருங்கள்.

9. கொண்டுவருவது, பிரிப்பது

மலையிலிருந்து வண்டியில் இறக்கினால் பில்லை டிரைவரிடம் கொடுத்து வையுங்கள். மெத்தையைப் படுக்கை வாட்டில் ஏற்றுங்கள். மடித்தோ, கயிற்றை இறுக்கிக் கட்டியோ கொண்டுவந்தால் ஓரம் நசுங்கும். அடிவாரத்து லோயர் கேம்ப் இறங்கும் வரை எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாது; தடித்த பாலிதீன் சுற்றாமல் புறப்படாதீர்கள். எங்களுக்கு வண்டி வாடகை 1,500 ஆனது.

சுருட்டி வந்த மெத்தை என்றால் வந்த இரண்டொரு நாளில் பிரித்துவிடுங்கள். பரணில் மாதக்கணக்கில் வைத்தால் முழுதாக எழும்பாது. பிளேடு போடாமல் கத்தரிக்கோலால் உறையை வெட்டுங்கள். எழும்ப ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும், குளிர் இடத்தில் இன்னும் மெதுவாக. புது ஃபோமுக்கு ஒரு வாடை இருக்கும். ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டு வைத்தால் சில நாளில் போய்விடும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும். இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு அடித்துக் காயவைத்தே வளர்ந்தவர்கள் நாம். ஃபோமை அப்படிச் செய்யக் கூடாது. வெயிலில் ஃபோம் மஞ்சளாகி உதிரும், லேடெக்ஸ் விறைத்து வெடிக்கும். எங்கள் அத்தை அன்போடு ஒரு நாள் மாடிக்கு ஏற்றிவிட்டார். நல்லவேளை, அரைமணி நேரத்தில் இறக்கிவிட்டோம். மாதம் ஒருமுறை வீட்டுக்குள்ளேயே சுவரில் சாய்த்துக் காற்றாட விடுங்கள். தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள். மேல் அடுக்கு தனியாக உள்ள மெத்தையைக் கவிழ்த்துப் போடாதீர்கள்.

10. குழி விழுந்தால்

விரிப்பை எடுத்துவிட்டு, கொத்தனாரின் மட்டப்பலகை மாதிரி நேரான சட்டத்தை மெத்தையின் குறுக்கே வையுங்கள். நடுவில் ஸ்கேலை நிறுத்தி, எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். கட்டிலின் பலகை தெரியும்படி இன்னொரு போட்டோ. பலகை சரியில்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். அப்புறம் மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை கேரளத்தில் இருக்கிறதே, அங்கே போய் வழக்குப் போட வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில், வாரண்டி அட்டை, போட்டோ, அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

11. பழைய மெத்தையை எறியாதீர்கள்

மெத்தை மாறினால் தலையணையும் மாறும். பஞ்சு மெத்தையில் பழகிய உயரத் தலையணை, தோள் அமுங்கும் மெத்தையில் கழுத்தை மடக்கிவிடும். எங்கள் வீட்டில் புது மெத்தை வந்த முதல் வாரம் வீட்டுக்காரருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. குற்றம் மெத்தை மேல் இல்லை, தலையணை மேல்தான். பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் போடியில் பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்து, பிரித்து அடித்து, தாழ்வான தலையணைகளாகத் தைத்து வாங்கினோம். ஒரு மெத்தையில் எட்டுத் தலையணை வந்தது. நான்கு எங்களுக்கு, நான்கு குமுளிக்கு.